இரண்டு மீற்றர் மூன்று

ஓல்டனில் நவம்பர் என்றால் மூடுபனிதான்.
ஆரே ஆறு ஓடுகிறதா, நின்றுவிட்டதா,
பாலத்தில் நின்று காதுகொடுத்துத்தான் அறியவேண்டும்.
பேஸ்போல் மைதானத்தில் ஆளில்லை.
வலையைக் கழற்றிச் சுருட்டி
ரெட்டோவின் கராஜில் போட்டாயிற்று.
எங்களுக்கு ஆட்டம் இப்போதுதான் தொடங்குகிறது.

எலியெசர் சும்மா இருக்கிறானாம்.
பழைய கிளப்போடு ஒப்பந்தம்
போன வெள்ளியோடு முடிந்ததாம்.
இடக்கையன்.
அவன் எறிகிற பந்து
அடிப்பவனின் முழங்காலருகே வந்து
மனம் மாறும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் முடிந்து
ஸ்டேசன் கோப்பிக்கடையில் ஐந்து பேர்,
மூன்று கோப்பி.

"கூப்பிடவேணும்" என்கிறான் நிமலராஜ்.
"ஆறு வருசமாக் கடைசிக்கு முதல் இடம்.
எங்களுக்குக் கீழ கிடந்த கிளப்பும் கலைஞ்சுபோச்சு.
இனி ஆரைக் காட்டி ஆறுதல் சொல்லுறது?"

"காசு?" என்கிறாள் சுகந்தமலர்.
அவள் கேட்டால் அது கேள்வி இல்லை, தீர்ப்பு.
ரக்லெட் கடை போட்டு, சீஸ் மணம் தலைமயிரில் ஏறி,
ஒரு கோடை முழுக்கச் சேர்ந்தது
நாலாயிரத்து நூற்றுப் பத்து பிராங்.

"முப்பத்தாறு வயசு, தோளில ரெண்டு ஒப்பரேசன்"
என்கிறார் அன்ரனிதாஸ்.
"ஆனை படுத்தாலும் குதிரை மட்டம், அண்ணை."
"படுத்த ஆனைக்கும் தீனி குறையாது, தம்பி."
"ஓம்" என்கிறான் ரெட்டோ.
தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல்,
எப்போதும் ஒரு வரி பிந்தி வரும்.

நான் ஸ்கோர் எழுதுகிறவள்.
பென்சிலும் அழிறப்பரும் என் பக்கம்.
எங்கள் பிட்சர் யோனாஸ் பேக்கரிக்காரன்,
விடிய மூன்று மணிக்கு மாப் பிசைந்த கையோடு வருவான்.
ஆறாம் இன்னிங்ஸ் வரை என் தாள் வெள்ளை.
ஏழாவதில் கறுக்கத் தொடங்கும்,
எழுத இடம் போதாமல்
ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.
ஒருமுறையாவது பந்தைத் தா என்று கேட்டால்
தோளைக் குலுக்குவான், தரமாட்டான்.

"யோனாஸுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

கோப்பி ஆறியது.
சூரிக் ரயில் வந்து, நின்று, போயிற்று.
ரெட்டோகூட ஓம் சொல்லவில்லை.

பிறகு நிமலராஜ்தான், யாரையும் பாராமல்:
"எங்களை எந்த ஊராவது கேட்டு வாங்கினதோ?
பேர்னில ஒருத்தன் மேசையில இருந்து பங்கு பிரிச்சான்.
இத்தினை வீதம் சொலத்தூர்ணுக்கு, இத்தினை வீதம் அங்கால.
அக்காவுக்குத் திசீனோ விழுந்தது.
இப்ப அவ கோவம் வந்தா இத்தாலியன்லதான் ஏசுறா.
ஒருத்தனையெண்டாலும்
நீதான் வேணும், வா எண்டு
நாங்கள் கூப்பிட்டுப் பாப்பமே."

சுகந்தமலர் சீனிப் பொட்டலத்தை
நாலாய், எட்டாய் மடித்தாள்.
"அவன் வரமாட்டான்" என்றாள்.
அது காசுக் கணக்கு இல்லை என்பது
குரலில் தெரிந்தது.

"எங்க தங்குறது?" அன்ரனிதாஸ் கேட்டார்.
எதிர்த்த மனிதர்தான் கேட்டார்.
மகன் லோசான் போனபிறகு
அந்த அறையில் இஸ்திரி மேசை மட்டும் நிற்கிறது.
"அவன்ர உயரமென்ன?"
"இரண்டு மீற்றர் மூன்று."
"கட்டில் ஒண்டு தொண்ணூறு."
"கால் வெளிய நிக்கும்."
"ஸ்டூல் ஒண்டு வைக்கலாம்."
சுகந்தமலர் ரசீதின் பின்புறத்தில் எழுதினாள்:
ஸ்டூல், இருபது பிராங்.
பிறகு அடித்துவிட்டு
பதினைந்து என்று எழுதினாள்.

வெளியே பனி ஸ்டேசன் மணிக்கூட்டை விழுங்கியிருந்தது.
ஆரவ் ரயிலுக்கு ஓடினோம்,
ரெட்டோ மட்டும் சைக்கிளில், லைற் இல்லாமல்.
எலியெசரின் நம்பர்
என் ஸ்கோர்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது,
பென்சிலில்.
ஒருவரும் இன்னும் அவனுக்குக் கோல் எடுக்கவில்லை.