மூன்று நூல்

துணியின் முதுகில் மெழுகுத்தாளை வைத்து
இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால்
பிரிண்டர் அதைத் தாள் என்றே நம்பி விழுங்கும்.
நம்பாத நாளில் பாதியில் நின்று
இழை இழையாய்த் துப்பும்.

வெட்டும் கோடு வேண்டாம் எனக்கு.
கத்தரி கொஞ்சம் குடித்துவிட்டு நடந்தாலும் பாதகமில்லை.
தைக்கும் கோடுதான் எல்லாம்:
துணியின் உள்புறத்தில்,
சாம்பல் நிறத்தில்,
முனைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளியோடு.

ஸ்ட்ராம்னெஸ்ஸில் நவம்பர்.
மூன்றரைக்கே விளக்கு.
துறைமுகக் காற்று கதவிடுக்கில் ஊதிக்கொண்டிருந்தது.

மகள் ரோனாவுக்கு மே மாதம் கல்யாணம்.
கட்டில் நிறைய ஒரு ஒட்டுத்துணிப் போர்வை.
நட்சத்திரக் கட்டம் முப்பத்தாறு.
பதினெட்டு நான் தைக்க,
பதினெட்டு டெல்ஃபின் தைக்க.

டெல்ஃபின் இருப்பது வடக்கு டகோட்டாவில், மைனாட்டில்.
எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன மான்சி
திரும்பாமல் போனதற்கு
ஒன்பது வருடம் நான் சொல்லிவந்த காரணத்தின் பெயர்
டெல்ஃபின்.

ஆளுக்குப் பாதி என்பது ரோனாவின் தீர்ப்பு.
மேல்முறையீடு கிடையாது.

கோடுகளை வரைந்து அனுப்பியவள் அவள்.
ஒரே கோப்பு, இரண்டு பிரிண்டர்.
குளிர்காலம் முழுக்க
கடலுக்கு அந்தப் பக்கம் அவளும்
இந்தப் பக்கம் நானும்
ஒரே கோட்டில் ஊசி ஓட்டினோம்.
அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரியில் பொட்டலம் வந்தது.
அவள் கட்டத்தையும் என் கட்டத்தையும்
நல்ல பக்கம் உள்ளே வைத்து
ஒரு முனையில் குண்டூசி குத்தினேன்.
புள்ளியில் நுழைந்து புள்ளியில் வந்தது.
மறுமுனையில்
அவள் துணி என் துணியைத் தாண்டி நின்றது.
அங்குலத்துக்கு எட்டு நூல் என்றால்
மூன்று நூல்.

எழுதினேன், அன்றிரவே:
உன் கட்டங்கள் பெரிதாக இருக்கின்றன.
வணக்கம்கூட வைக்கவில்லை.

பதிலில் ஒரு சொல் இல்லை. ஒரு படம்.
அவள் நட்சத்திரத்தின் மேல் இரும்பு அளவுகோல்.
பன்னிரண்டு,
நூல் பிடித்த மாதிரி.

என் அளவுகோலை எடுக்க
மறுநாள் மதியம் வரை ஆனது.
பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில்
பதினொன்றும் ஐந்து நூலும்.
அவர்கள் ஊர்த் தாள் அகலம்,
எங்கள் ஊர்த் தாள் ஒல்லி.
'பக்கத்துக்குப் பொருத்து' என்றொரு சின்னப் பெட்டி,
அதில் ஒரு டிக்.
நான் போட்டதில்லை.
எடுத்ததும் இல்லை.

பதினெட்டு நட்சத்திரம் பிரிப்பதா?
பட்டை வைத்து ஒட்டுவதா?
இரண்டு நாள் கோழிக்குத் தீனி மட்டும் போட்டேன்.
பிறகு எழுதினேன்: தாள் என்னுடையது.

இரு முனையிலும் குண்டூசி குத்து, என்றாள்.
பிறகு நடுவில். பிறகு அந்த நடுவுக்கு நடுவில்.
பெரியதைக் கீழே பிடி.
மிச்சம் தானாக அடங்கும்.

தானாக அடங்கவில்லை.
விரலால் தள்ளி, தையலுக்குத் தையல் பங்கிட்டு,
அவள் துணியின் அதிகத்தை
என் துணியின் போதாமைக்குள் இறக்கினேன்.
ஏப்ரல் வரை பிடித்தது.
இப்போது தடவினால் தெரியும்:
என் கட்டங்கள் விறைப்பாகக் கிடக்கும்,
அவளுடையவை லேசாகப் பொங்கியிருக்கும்,
சற்றுமுன் யாரோ படுத்து எழுந்தது போல.

அச்சடித்த கோடுகள் எல்லாம்
மடிப்புக்குள் போய்விட்டன,
அவளுடையதும் என்னுடையதும் முதுகோடு முதுகாக.
நடுவில் ஓடுவது ஒரே நூல்.
அதை வாங்கியது நான், ஹாமில்டன் கடையில்,
ஒன்றரை பவுன்.

ஆகஸ்டில் இன்னொரு கோப்பு வந்தது.
சின்னக் கட்டங்கள், தொட்டில் அளவு.
யாருக்கு என்று டெல்ஃபின் எழுதவில்லை.
ரோனா என்னிடம் இன்னும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அந்தச் சின்னப் பெட்டியில்
டிக்கை எடுத்துவிட்டு
மெழுகுத்தாளைத் தேடினேன்.