ஏழாம் குளம்

நியூ மெக்சிகோவின் தெற்கில்
மழை மறந்துபோன சமவெளியில்
ஓட்டப்பந்தயத் தடம் போல் எட்டுக் குளங்கள்.
நிலத்தடியிலிருந்து ஏறுவது உப்புத் தண்ணீர்.
பருத்திக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது,
பாசிக்கு அதுதான் தாய்ப்பால்.

டெல்ஃபினா ஆர்ச்சுலேட்டாவுக்கு இரவுப் பணி.
துடுப்புச் சக்கரம் சுற்றுகிறதா,
பீர் ஆலையிலிருந்து வாங்கிய கரியமில வாயு
குமிழ் விட்டுக் கரைகிறதா, பார்க்க வேண்டும்.
மூன்று மணிக்கு ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்து
நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாய் எண்ண வேண்டும்.

நேற்று கட்டத்துக்கு நாற்பது.
இன்று ஏழாம் குளத்தில் பதினொன்று.
துளிக்குள் கண்ணாடி போல் ஏதோ நெளிந்தது.
தலையில் இரண்டு சுழல் சக்கரம்,
வயிறு முழுக்கப் பச்சை.
அவசரமே இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தாள்.
அழகாகத்தான் இருந்தது, சனியன்.

"ப்ளீச் ஊற்று" என்றார் லிண்ட்க்விஸ்ட்,
தொலைபேசியில் பாதித் தூக்கத்தில்.
"பூச்சி சாகணும், பாசி பிழைக்கணும்.
அந்த அளவுக்கு."
அந்த அளவு எந்த அளவு என்று
அவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை பணம் போட்டவர்கள் வருகிறார்கள்.
காட்டுவதற்கு எண்ணெய் இருக்கிறது:
பதினான்கு மாதம் வளர்த்து, வடித்து,
உலர்த்தி, பிழிந்து, சுத்திகரித்து
தேன் நிறத்தில் நாற்பத்தாறு லிட்டர்.
அறுபது மைல் வந்து அறுபது மைல் போகும்
அவள் பழைய டீசல் வண்டிக்கு
அது இரண்டு நாள் வராது.
இந்தக் கணக்கை அவள்
எந்தப் பதிவேட்டிலும் எழுதியதில்லை.

கிழக்கே அடிவானத்தில் ஆரஞ்சு நிறமாய் எரிகிறது
எண்ணெய்க் கிணறுகளின் வாயு.
அங்கே அவள் தம்பி எலாய்க்கு
இரண்டு மடங்கு சம்பளம்.
"நான் தோண்டுவதும் பாசிதான், அக்கா,
கொஞ்சம் ஆறப்போட்டது.
கோடிக்கணக்கான வருஷம்
காத்திருக்க உனக்குத்தான் பொறுமையில்லை"
என்பான், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்,
அதே சிரிப்போடு.

முகமூடி மாட்டிக்கொண்டு ஊற்றினாள்.
சக்கரம் அதை வாங்கிக்கொண்டு
ஒன்றும் நடக்காதது போல் சுற்றியது.
விடிந்தபோது ஏழாம் குளம்
பச்சையுமில்லை, பழுப்புமில்லை.
மதியம்தான் தெரியும், பகல் ஆளுக்கு.

திரும்பும் வழியில் வண்டி
சிவப்பு விளக்கைக் காட்டியது.
பங்கில் நின்று குழாயைப் பிடித்தாள்.
ப்ளீச் வாடை போகாத கை.
லிட்டரல்ல, இங்கே காலன்;
எண்கள் ஓடின, ஓடின.
உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது
யாரும் எண்ணாத, யாரும் மேய்க்காத,
எந்தப் பூச்சிக்கோ தப்பிய
ஏதோ ஒரு கடலின் பச்சை.

இருபது டாலரில் நிறுத்தினாள்.
மீதியை நாளைக்குப் பார்க்கலாம்.