ஒருமை

ஒபலைக்காவில் ஏழு மணிக்கு ஷிஃப்ட்.
ஆறரைக்கே நிற்க வேண்டும் என்று
எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.
நின்றோம்.
சீட் பெல்ட் கொக்கி செய்கிற ஆலை.
வெளியே அலபாமாவின் பைன் மரங்கள்,
உள்ளே சியோல் நேரம் காட்டும் இரண்டாவது கடிகாரம்.

அவனை ஹான் தேரி என்றுதான் கூப்பிட்டோம்.
தேரி என்பது பதவி.
பெயர் என்னவென்று ஒன்பது மாதம்
நான் கேட்கவில்லை.

சொக் பூஜாங் அவனை முதலில் திட்டியபோது
எனக்குக் கொரிய மொழியில் பத்துச் சொல் தெரியாது.
"யா" என்றார்.
ஸ்ரீபெரும்புதூரில் பதினொரு வருடம்
"டேய்" கேட்ட காது இது,
அகராதி தேவைப்படவில்லை.

பார்க்கிங்கில் என் கார்மேல் சாய்ந்துகொண்டு
ஒருநாள் அவனே சொன்னான்:
எங்களிடம் நீ உண்டு, நீங்கள் உண்டு,
அதற்கு மேலேயும் படிகள் உண்டு.
இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே யூ.
அதனால்தான் இந்த ஊரைக் கேட்டு வாங்கி வந்தேன்.
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
நானும் சிரித்தேன், எதற்கென்று தெரிந்தே.

மார்ச்சில் இருநூற்று நாற்பது கொக்கிகளில் பிசிறு.
அறிக்கையில் இருநூற்று நாற்பது என்றே எழுதிவிட்டான்.
பன்னிரண்டு என்று எழுதியிருக்க வேண்டுமாம்.

மறுநாள் அவன் மேசை
பிரின்டருக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி இருந்தது.
குழுவிலிருந்து அவன் எண் போனது.
சாப்பாட்டு அறையில் அவன் உட்கார்ந்தால்
தட்டுகள் எழுந்தன.
ஆபர்னில் விருந்தென்றால்
இரவு முழுக்க இறைச்சி வெட்டுவது அவன் வேலை,
கத்தரிக்கோலைக் கீழே வைத்தால்
ஊற்றிய கோப்பையை ஒரே மூச்சில் குடிப்பதும்.

தட்டுகள் எழுந்தன என்று எழுதிவிட்டேன்.
எழுந்தவற்றில் ஒன்று என்னுடையது.
பச்சை அட்டைக் கோப்பில் சொக் பூஜாங்கின் கையெழுத்து பாக்கி.
வேலை போனால் அறுபது நாள்.
மகள் அப்போதுதான் பள்ளியில்
ஒரு தோழியைப் பிடித்திருந்தாள்.
காரணங்களுக்கு என்ன குறைச்சல்,
ரசம் ஆறவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஹெச்.ஆர். டாலிவர் அம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்,
நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா?
கவனிக்கவில்லை என்றேன்.
பண்பாட்டு வேறுபாடு என்று எழுதி
கோப்பை மூடினார்.
சொல் எவ்வளவு வழவழப்பாக இருந்தது,
பிசிறே இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன்.
ஒரு ராத்திரி, விளக்கணைத்த அலுவலகத்தில்,
சொக் பூஜாங் காதில் ஃபோனோடு நின்று
எதிரே யாருமில்லாத சுவருக்குக்
குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.
இதைச் சொன்னால் அவருக்கு வக்காலத்து ஆகிவிடும்.
ஆகட்டும், பார்த்தது பார்த்ததுதான்.

செப்டம்பரில் அவன் வரவில்லை.
மேசைக்கடியில் ஆபீஸ் செருப்பு ஒரு ஜோடி,
சீராக, சுவரைப் பார்த்தபடி.
பார்சல் கட்டச் சொன்னது என்னை.
விலாசச் சீட்டில்தான் படித்தேன்:
ஹான் மின்-கியோல்.
எழுத்துக் கூட்டித்தான் வந்தது.

இப்போது அந்த அறிக்கைகளை நான் எழுதுகிறேன்.
பன்னிரண்டு, எட்டு, ஐந்து.
நேற்று இங்கே இரவு ஒன்பது, அங்கே காலை.
ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அச்சு இன்னும் கிளம்பவில்லை என்றான் பையன்.
மழை என்றான், லாரி என்றான்.
"டேய், சொன்னா செய்யணும், கதை சொல்லாதே"
என்றது என் வாய்.

அந்தப் பக்கம் மூன்று விநாடி.
அந்த மூன்று விநாடியை எனக்குத் தெரியும்.
பிரின்டர் பக்கத்தில் கேட்டிருக்கிறேன்.
பிறகு "சரிங்க சார்".

ஃபோனை வைத்துவிட்டு
அவன் பெயரைத் தேடினேன்.
எக்செல் கட்டத்தில்
வெண்டர் நான்கு
என்றிருந்தது.