கிழிசல்

மூக்கையூரில் கச்சான் அடங்க
இரவு பத்தாகிவிடும்.
அதுவரை எஸ்தாக்கி
கோந்து காயக் காத்திருப்பான்.

மொட்டை முனையோடு விட்டபோது
நாள்காட்டித் தாளில் ஒரே ஓட்டை,
ஊசி இறங்கியதுபோல.
ரம்பத் தகட்டில் வெட்டிய அலகைப் பூட்டியதும்
அதே அம்பு
இடப்பக்கம் மூன்று விரற்கடை கிழிக்கிறது.

வாலில் கடற்காக்கை இறகு மூன்று,
தலையில் இரும்பு இரண்டு.
காற்றுக்குத் தெரியுமா
எது சிறகென்று?

இறகை நீளமாக்கிச் சற்றே முறுக்கினான்.
வேகம் செத்தது.
அலகைத் தேய்த்தான்.
இப்போது ஒரு விரற்கடை.

கருவேல முள்ளுக்குள் பன்றி உறுமுகிறது.
விடிஞ்சா மிளகாய்ப் புஞ்சை பாதிதான் என்கிறேன்.
உம் கொட்டுகிறான்,
நிமிராமலே
நாளைய தேதியைக் கிழித்துச்
சட்டத்தில் ஒட்டுகிறான்.