ஓடு

காராம்பாளையத்துக் குளத்துக்கு மேலே ஓடு கட்டிவிட்டது.
அடியில் என்ன வைத்திருக்கிறதென்று குளம் சொல்லாது.

அக்கரையில் மயிலாத்தாளின் தென்னந்தோப்பு.
தார்ரோட்டுப் பாலம் கார்த்திகை மழையோடு போனது.
கரைமேல் போகலாமென்றால் மதகுக்கிட்ட ஆறரை அடி,
எங்கள் ரிக்கு வண்டி எட்டடி.

"நேத்துக்கூட டிராக்டர் போச்சுங்க, தேங்கா லோடோட."

டிராக்டர் லோடோடு அஞ்சு டன், அம்மா.
இது இருபத்தாறு.
பின்னால் பைப்பு லாரி பதினெட்டு.

புத்ராம் கடப்பாரையோடு முன்னால் போகிறான்.
பஸ்தர்க்காரன். ஆறு வருஷமாய்த் திருச்செங்கோட்டு வண்டியில்.
ஏத்து, எறக்கு, நிறுத்து:
தமிழ் அவனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது.
பத்தடிக்கு ஒரு குத்து.
ணங்கென்றால் நடக்கிறான்.
தொப்பென்றால் நிற்கிறான்.
சத்தமே வராத இடத்தில்
வேலங்குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டுகிறான்.

நான் வெடிப்புகளைப் படிக்கிறேன்.
முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்க்கவேண்டும்.
விரல்நுனி வெளுத்து வந்தால் போகலாம்,
கறுத்து வந்தால் யோசிக்கலாம்.
வெடிப்பே விழாமல், புதிதாய்ப் பூசிய சிமெண்டுத் தரைபோல
மினுமினுவென்று கிடக்கிறதே, அதுதான் கெட்ட இடம்.
பார்க்க அழகாயிருக்கும். கொக்கு நிற்கும்.
அரைக்கிலோக் கொக்கின் பேச்சை
லாரிக்காரன் கேட்கக்கூடாது.

போன வருஷம் எங்கள் ஓனரின் இன்னொரு வண்டி
கேட்டுவிட்டது.
கேபின் கண்ணாடி வரைக்கும் போய் உட்கார்ந்து,
மூன்று ஹிட்டாச்சி, இரண்டு ராத்திரி.

டயரில் காற்றைப் பாதியாக்கு.
இரண்டாம் கியர், நடுவில் மாற்றாதே.
பிரேக்கை மறந்துவிடு.
இரண்டு வண்டிக்கும் இடையில் இருநூறடி.
கதவைத் திறந்து கயிற்றால் கட்டு, குதிக்கத் தோதாக.

தண்ணீர் தேடிப் போகிற வண்டி
உன்னிடம் தண்ணீரே இல்லையென்று
சத்தியம் கேட்கிறது, குளமே.

செங்கோட்டுவேல் போனில்:
"தாங்குமா தாங்காதா, ஒரே வார்த்தை சொல்லப்பா."
ஒரே வார்த்தை இருந்தால் சொல்லியிருப்பேன்.
"பாக்கலாமுங்க" என்றேன்.

நடுக்குளத்தில்
முன்சக்கரத்துக்கு முன்னால் தரை லேசாய் எழுந்தது,
தூங்குகிற மாட்டின் விலாப்போல.
எழுந்து, அமுங்கி, மறுபடி எழுந்தது.
ஸ்டியரிங் கையில் எடையில்லாமல் சுற்றியது.
கண்ணாடியில் என் தடம் கறுப்பாய்க் கசிந்தது.
"ஓடு!" என்று கத்தினான் புத்ராம்.
அந்தச் சொல்லுக்கு அவன் அறிந்தது ஒரு பொருள்தான்.
இன்னொன்று என் சக்கரத்துக்குக் கீழே
முறுமுறுத்துக்கொண்டிருந்தது.

ஏறிவிட்டோம்.
பைப்பு லாரிக்காரன் வேறு தடத்தில் வந்தான்,
சொல்லாமலே புரிந்துகொண்டு.

ராத்திரி முந்நூறடி வரைக்கும் சாம்பல்.
அறுநூறில் வெள்ளை மாவு.
மயிலாத்தாள் பணத்தை இரண்டு தடவை எண்ணி
மடியில் வைத்துக்கொண்டார்.
எண்ணூற்றுப் பத்தில்
பாறை இருமியது.
பிறகு தோப்பு உயரத்துக்குத் தண்ணீர்.
நனைந்தபடி நின்றார். சிரிக்கவில்லை.
கால்மணி கழித்துத்தான் சிரித்தார்.

தண்ணீருக்குப் பள்ளம் எங்கேயென்று தெரியும்.
தென்னம்பாத்தி நிரம்பி, வாய்க்கால் நிரம்பி,
விடியும்போது குளத்துக்குள் இறங்கி
நாங்கள் வந்த தடத்தையே பிடித்துப் போயிருந்தது.

இன்றோடு ஒன்பது நாள்.
வேறு ஊரில் அட்வான்ஸ் வாங்கின பாயிண்டுகள் காத்திருக்கின்றன.
ஓனர் திட்டுவதையும் நிறுத்திவிட்டார்.
மயிலாத்தாளின் புது மோட்டார் ஓடுகிறது.
மட்டை விழுந்த மரங்களுக்குக் குருத்து நிமிர்ந்திருக்கிறதாம்,
காட்டுகிறார்.
கொஞ்சம் நிறுத்துங்கம்மா என்று சொல்ல
யாருக்கும் வாய் வரவில்லை.

காலையில் புத்ராம் கடப்பாரையோடு போகிறான்.
பத்தடிக்கு ஒரு குத்து.
திரும்பி வந்து, ஈரம் ஏறிய மட்டத்தைக்
கட்டைவிரலால் பிடித்துக் காட்டுகிறான்.
நேற்று பிடித்த அதே இடம்.