இரண்டு விழுக்காடு அபராதம்

லியபாயாவில் சனவரி. துறைமுகத்தில்
நிலக்கரி இறக்கும் கிரேன் காற்றுக்கு நின்று நின்று வேலை செய்கிறது.
மூன்றாம் மாடியில் நானும் இறக்குகிறேன்:
அக்ரிஸ் விட்டுப்போன பதினான்கு வருடம்,
ஜெர்மனிலிருந்து லாட்விய மொழிக்கு,
ஒரு கைவிரல் நீளத் தட்டில்.

அவன் டப்ளினுக்குப் போய்விட்டான்.
காளான் பண்ணையில் இரவு வேலையாம்.
அங்கே எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை,
காளான் காளான்தான்.

மென்பொருள் கேட்கிறது:
மூல மொழி எது, இலக்கு மொழி எது,
இடையில் இருப்பது காற்புள்ளியா, தாவலா,
எழுத்துக் குறியாக்கம் என்ன?
கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது.
தெரியாதவர்கள் செய்வதைச் செய்தேன்:
முதலில் இருந்ததைத் தேர்ந்தேன்.

நெடில்களின் தலைக்கோடெல்லாம் தொப்பியாயின.
எங்கள் ஷகரங்கள்
ஐஸ்லாந்துக் குடியுரிமை வாங்கிக்கொண்டன.
இருபத்து மூவாயிரம் வாக்கியமும்
வேற்றூர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டவை போல நின்றன.

அழித்தேன். மறுபடி.
இம்முறை, "அறியாத குறிகளை நீக்கு" என்ற கட்டத்தில்
ஒரு சரி போட்டேன். அதுதான் வினை.
கோடுகள் போயின, நெடிலெல்லாம் குறிலாயிற்று.
எங்கள் மொழியில் காஸாஸ் என்றால் கல்யாணம்,
கஸாஸ் என்றால் வெள்ளாடுகள்.
கடலோர ஹோட்டலின் விலைப்பட்டியலில் படித்தேன்:
"வெள்ளாடுகளுக்கு எண்பது பேர் அமரும் கூடம்.
கேக் தனிக் கட்டணம்.
வெள்ளாடுகளுக்கு மறுநாள் காலை உணவு இலவசம்."

தனியாகச் சிரிப்பது எவ்வளவு சத்தமாக இருக்கிறது
இந்த அலுவலகத்தில்.
எதிர் மேசையில்
அவனுடைய எழுதாத பேனாக்கள்.

மூன்றாம் முறை பால்டிக் என்றேன்.
வந்தன, கோடு கோடாக, வால் வாலாக,
ஒன்றும் குறையாமல்.
இருபத்து மூவாயிரத்து நானூற்று ஆறாவது வரிசையில்,
கடைசியில், ஜெர்மன் பக்கம் ஒன்றுமில்லை.
லாட்விய பக்கம்:
"விஸ்மா, இது பால்டிக். மேற்கு ஐரோப்பியத்தில் திறக்காதே.
எதையும் நீக்கச் சொல்லாதே."

சாவியைப் பெட்டிக்குள் வைத்துப்
பெட்டியைப் பூட்டுகிறவன்.
எப்போதும் அப்படித்தான்.

பிறகு இரட்டைகள். அறுநூற்றுப் பதினொன்று.
ஒரே ஜெர்மன் வாக்கியம்,
அவன் ஒரு விதமாய், நான் ஒரு விதமாய்.
மேலெழுதவா, இரண்டையும் வைக்கவா, தவிர்க்கவா?
பெரும்பாலும் காற்புள்ளிச் சண்டைகள்,
இருவரும் சரி, இருவரும் பிடிவாதம்.
ஒன்றில் மட்டும் கை நின்றது.

வாடகை ஒப்பந்தம், பதினேழாம் பிரிவு.
"குடியிருப்பவர் காலி செய்யும்போது
சாவிகளை நேரில் ஒப்படைக்க வேண்டும்": இது நான்.
"காலி செய்பவர்
சாவிகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம்": இது அக்ரிஸ்.
அப்பட்டமான பிழை.
மூலத்தில் மேசை என்ற சொல்லே இல்லை.
தேதி: அவன் போவதற்கு முந்தைய வியாழன்.
நேரம்: இரவு இரண்டே கால்.

வெள்ளிக்கிழமை நான் வந்தபோது
சாவிகள் மேசைமேல்தான் இருந்தன.
அன்றைக்குக் கோபப்பட்டேன்,
நேரில் சொல்லாமல் போனானே என்று.
அவன் சொல்லியிருக்கிறான்.
தவறான கோப்பில்.

அழிக்கவேண்டிய வாக்கியம்.
நாளை எவளோ ஒரு வீட்டுக்காரி
இதை நம்பி வழக்குக்குப் போவாள்.
அழிக்கவில்லை.
அமைப்புகளுக்குள் தேடினால் ஓர் இடம் இருக்கிறது:
இந்தக் கோப்பிலிருந்து வருபவற்றுக்கு அபராதம்.
இரண்டு விழுக்காடு போட்டேன்.
இனி அவன் சொல் எவ்வளவு கச்சிதமாய்ப் பொருந்தினாலும்
தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஏறாது.
பார்த்துவிட்டுத்தான் ஏற்பேன்.
இருந்தாலும், பார்ப்பேன்.

ஏப்ரலில் ஹோட்டல்காரர்கள்
புதிய விலைப்பட்டியல் அனுப்பினார்கள்.
கல்யாணத்துக்கு நூற்றிருபது பேர் அமரும் கூடம்.
திரையில் அவன் வரி மஞ்சளாய் எழுந்தது,
கோடெல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தேன்.
எண்ணை மட்டும் மாற்றினேன்.