இடது கைப் பக்கம்

இட்டார்சி ஜங்ஷனில் முப்பத்தோரு வருடம்
எந்த வண்டி எந்தத் தடத்தில் என்று
சொல்லி ஓய்ந்தவர்
என் கணவர் துவாரகா பிரசாத் மால்வியா.
அமெரிக்கப் பயணத்தையும்
ஒரு சரக்கு ரயிலைப் போலத்தான் திட்டமிட்டார்:
நீல மசியில் புறப்பாடு,
சிவப்பில் வந்துசேர்தல்,
தாமதங்கள் பென்சிலில்.

மே மாதக் கடைசியில்
கேம்பிரிட்ஜில் பிராச்சிக்குப் பட்டம் தருகிறார்கள்.
எங்களுக்கென்று இரண்டு நாற்காலி
கேட்டு வாங்கியிருந்தாள்.

பெட்டியை அணைத்துக்கொண்டு எடைமெஷினில் ஏறுவார்.
பெட்டி இல்லாமல் ஏறுவார்.
கழித்துப் பார்ப்பார்.
இருபத்து மூன்று கிலோ தாண்டினால்
முதலில் இறங்குவது என் சேலைகள்.
ரத்லாம் சேவ் பொட்டலங்கள் அசையாது.

ஷாஜஹான் காலத்துக் கல்லூரியாம்.
ஆக்ராவில் அதைவிட வயதான வடிகால் இருக்கும் என்றேன்.
அவர் காதில் விழவில்லை.
நான்கு தாளில் அச்செடுத்த அந்த ஊர் வரைபடம்
எங்கள் சமையலறைச் சுவரில்,
ஆற்றின்மேல் செலோடேப் ஓட,
மஞ்சள் தெறித்து மஞ்சள் தெறித்து
ஒரு தேவாலயமே காணாமல் போயிருந்தது.

விசாப் படிவம் கேட்டது:
நீங்கள் ஒற்றரா?
இனப்படுகொலையில் பங்கு உண்டா?
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.
"தொண்ணூற்றெட்டில் ஒரு நிலக்கரி வண்டி
தடம் புரண்டது. உயிர்ச்சேதமில்லை."
சைபர் கடைப் பையன்
'இல்லை' என்று தட்டினான்.

நேர்காணலுக்குக் கிடைத்த தேதி
செப்டம்பர் பதினேழு.
மே மாதம் அவுட்டரிலேயே நின்றுவிட்டது.

பிராச்சி தொப்பியை வீசியதை
சர்க்கரை டப்பாவில் சாய்த்த செல்போனில் பார்த்தோம்.
கேமராவைத் திருப்பி
எங்கள் நாற்காலிகளையும் காட்டினாள்.
ஒன்றில் யாருடைய கோட்டோ.
மற்றதில் ஒரு குழந்தை நின்றபடி
வாழைப்பழம் தின்றது.
ஜூனில் அவளுக்கு ஹூஸ்டனில் வேலை.
அந்த ஊரில் இனி எங்களுக்கு யாருமில்லை.
வரைபடத்தைக் கழற்றவா என்று கேட்டேன்.
இவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

தில்லி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மூக்கில் புள்ளிப் புள்ளியாய் ஓர் இளம்பெண்,
எங்களைவிட நல்ல இந்தி.
"மகள் டெக்சாஸில். படிப்பும் முடிந்தது.
கேம்பிரிட்ஜில் உங்களுக்கு என்ன வேலை?"

வீட்டுப் பத்திரம், பென்ஷன் புத்தகம்,
வங்கி மேலாளர் கையெழுத்து
எல்லாவற்றையும் மடியில் வைத்திருந்தேன்.
இவர் எதையும் கேட்கவில்லை.

"மேடம், இரண்டு வருடம் முன்பு, ஆகஸ்டில்,
மகள் அங்கே போய் இறங்கினாள்.
இரவு பத்து மணி, மழை, இரண்டு பெட்டி.
எங்களுக்குக் காலை டீ நேரம்.
எந்தப் பக்கம் போவது பாப்பா என்று அழுதாள்.
சுவரைப் பார்த்துச் சொன்னேன்:
ஸ்டேஷனை விட்டு மேலே வா.
இடது கைப் பக்கம் பழைய கல்லறைத் தோட்டம் வரும்.
பயப்படாதே, அது வந்தால்தான் வழி சரி.
வலது கைப் பக்கம் புல்வெளி.
இரண்டுக்கும் நடுவில் நேரே நட.
போனைக் காதிலேயே வைத்திரு என்றேன்.
மழையும் பெட்டிச் சக்கரமும் கேட்டுக்கொண்டே இருந்தது.
பிறகு 'இருக்கு பாப்பா' என்றாள்."

நிறுத்தினார்.
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"கண்ணால் பார்க்காத தடத்தில்
நான் அனுப்பிய ஒரே வண்டி அது.
இடது கைப் பக்கம்தானா என்று
ஒருமுறை பார்த்துவிட வேண்டும்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை.
ஏதோ தட்டினாள், வெகுநேரம் தட்டினாள்.
பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தரவில்லை.

வெளியே வெயில்.
பறித்துக்கொண்டார்களா, கொடுக்கப்போகிறார்களா
என்று இவர் கையைப் பிடித்து உலுக்கினேன்.
சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கேட்டார்:
"அந்த நீலப் பேனாவை எங்கே வைத்தாய்?"